கடல் காற்றில் கம்ப்யூட்டர், கையில் பழைய வலைப்பூ: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் விண்டோஸ் 10, 11க்குச் சொன்னவை. உங்கள் திரையில் ஒரு சொல் முன்னே பின்னே இருக்கலாம்.

கடலூர் முதுநகர்: சார், மூணு நாள் மழைக்கு அப்புறம் டெஸ்க்டாப்பைப் போட்டால் ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் ஒண்ணும் வரலை. உள்ளேயிருந்து விட்டு விட்டு பீப் சத்தம். மதர்போர்டு போயிடுச்சுன்னு கடையில சொல்றாங்க.

மதர்போர்டுக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு ரப்பர் வாங்குங்கள். விட்டு விட்டு பீப் வந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். கடலோரத்தில் காற்றோடு வரும் உப்பு, பெட்டிக்குள் தூசியோடு படிந்திருக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். வெயில் காலத்தில் சும்மா கிடந்த தூசி மழைக்காலத்தில் உப்புத் தண்ணீர்ப் படலமாகிறது. ரேமின் தொடுமுனைகளில் கறை ஏறுகிறது, தொடர்பு விட்டுப்போகிறது.

பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும். பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்குங்கள், அது தானே மேலே எழும். அடியில் தங்க நிறத்தில் பல்வரிசை போல இருப்பதைப் பென்சில் அழிக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் தேயுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரும் உப்புத்தாளும் கூடவே கூடாது. தங்கப் பூச்சு மிக மெல்லியது, அது போனால் அடுத்த மழைக்கே திரும்பக் கறை ஏறும். ரப்பர்த் துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஐந்து நிமிடம் ஆறட்டும். ஸ்லாட்டுக்குள் துணியோ குச்சியோ விடாதீர்கள். தூசி இருந்தால் காய்ந்த பிரஷ் போதும்.

திரும்பப் போடும்போது இரண்டு கிளிப்பும் ‘டக்’ என்று தாமாக மூட வேண்டும். பாதிப் பேர் தவறுவது இங்கேதான்: ஒரு முனை ஏறி மறுமுனை ஏறாமல் நிற்கும், அதே பீப் வரும், ‘ரேமும் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு பீப் நிற்காவிட்டால் கடைக்காரர் சொன்னதைக் கேட்கலாம்.

அதே கேள்வியாளர்: மழைக்காலத்துல மூடியே வைக்கலாமா சார்?

பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். தினமும் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், அந்தச் சூடே உலர்த்திவிடும்.

லாஸ்பேட்டை: எந்த சைட்டைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வருகிறது. வங்கி சைட் கூடத் திறக்கவில்லை. வைரஸா?

வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு சைட்டின் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் பழைய வருடத்தில் நின்றுகொண்டு ‘இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே’ என்கிறது. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், பெயர் சிஆர்2032, 3 வோல்ட். அதை மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள். தட்டையான பக்கம், அதாவது பிளஸ் குறி, மேலே.

வில்லியனூர், ஜெராக்ஸ் கடை: பிரிண்ட் கொடுத்தா வரிசையில நிக்குது, வரலை. கேன்சல் பண்ணினா ‘டிலீட்டிங்’னு காட்டிக்கிட்டே இருக்கு. கடையில கூட்டம் நிக்குது சார்.

கூட்டம் நிற்கும்போது செய்வதற்கு: ஸ்டார்ட்டில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறங்கள். பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ மேல் ரைட் கிளிக், ‘ஸ்டாப்’. அந்த ஜன்னலை மூட வேண்டாம். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டர் இருக்கட்டும். திரும்ப வந்து ஸ்பூலரை ‘ஸ்டார்ட்’ செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. ஸ்பூலரை நிறுத்தாமல் அழிக்கப் போனால் ‘ஃபைல் பயன்பாட்டில் உள்ளது’ என்று அடம்பிடிக்கும்.

இது கரண்ட் போய் வந்த பிறகுதான் வருகிறது என்றால், அதுவும் பிரிண்டர் வைஃபையில் ஓடுகிறது என்றால், காரணம் வேறு. ரவுட்டர் மறுபடி எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி எண்ணைக் கொடுத்துவிடுகிறது, கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டர் அமைப்பில் அந்தப் பிரிண்டருக்கென்று ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீரும்.

இன்னொன்று, கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் கடைக்கு வேண்டியது. தமிழ் பிடிஎஃப் திரையில் சரியாகத் தெரிந்து தாளில் கட்டம் கட்டமாக விழுந்தால், அடோபி ரீடரில் பிரிண்ட் ஜன்னலில் ‘அட்வான்ஸ்டு’ போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்யுங்கள். வேகம் குறையும், எழுத்து உடையாது.

முத்தியால்பேட்டை: பிரான்சில் இருக்கும் சித்தப்பா அவருடைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ‘ஏ’ அடித்தால் ‘க்யூ’ வருகிறது. எண் அடித்தால் என்னென்னவோ குறி வருகிறது. தமிழ் டைப் செய்ய முடியுமா? தொட்டால் சுருசுருவென்று ஷாக் வேறு.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. அது பிரெஞ்சு விசைப்பலகை, அசெர்டி என்பார்கள். நம்முடையதோடு ஒப்பிட்டால் ‘ஏ’யும் ‘க்யூ’வும் இடம் மாறியிருக்கும், ‘இசட்’டும் ‘டபிள்யூ’வும் இடம் மாறியிருக்கும், ‘எம்’ போய் ‘எல்’லுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும். எண்களுக்கும் முற்றுப்புள்ளிக்கும் ஷிப்டோடு அடிக்க வேண்டும். விண்டோஸுக்கு விசையின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று தெரியாது. எந்த இடத்து விசை அழுந்தியது என்பது மட்டும்தான் அதற்குப் போகும். இப்போது விண்டோஸில் ஆங்கில அமைப்பு இருக்கிறது, விசையில் பிரெஞ்சு அச்சு இருக்கிறது, அதனால்தான் தகராறு. அச்சைப் பார்த்து அடிப்பவராக இருந்தால் ‘பிரெஞ்ச்’ விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் அடிப்பவராக இருந்தால் ஆங்கிலத்தையே வைத்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். லாகின் திரையில் பாஸ்வேர்டு தவறு என்று வந்தால், கீழே வலது ஓரத்தில் எந்த மொழி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தமிழுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறை விசையின் இடத்தை வைத்தே இயங்குகிறது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அசெர்டியிலும் விரல் போகும் இடம் மாறாது. ‘அம்மா’வுக்கு நாலே தட்டு: அ, ம, ம, ஆ. முதல் ‘ம’வுக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். உங்கள் லேப்டாப்பில் அச்சைப் பார்த்தால் அது க்யூ, கே, கே, ஏ. நம் ஊர் விசைப்பலகையில் ஏ, கே, கே, க்யூ. விரல் நகர்வது இரண்டிலும் ஒரே மாதிரிதான். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘தமிழ் 99’ விசைப்பலகையைச் சேருங்கள். மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

ஷாக்குக்கு வருவோம். பிரான்சிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் மின்சாரத்தில் பேதமில்லை. பிளக்கில்தான் பேதம். பிரெஞ்சு பிளக்கில் எர்த் ஒரு துளை வழியாக வரும், நம் சாக்கெட்டில் அந்தக் கம்பியே கிடையாது. ஆகவே எர்த் இல்லாமல் ஓடுகிறது, அடாப்டரிலிருந்து கசியும் துளி மின்சாரம் உலோக உடம்பில் தெரிகிறது. அடாப்டர் செங்கல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் ஒயரை மட்டும் நம் ஊர் மூன்று பின் ஒயராக மாற்றுங்கள். அப்புறமும் சுருசுரு என்றால் வீட்டு எர்த்தையே எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டியதுதான்.

மஞ்சக்குப்பம், ஆசிரியை: மாணவர் பட்டியலை இறக்கி எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கிறுக்கலாக வருகிறது.

இருமுறை கிளிக் செய்து திறக்காதீர்கள். வெறும் எக்செல்லைத் திறந்து, ‘டேட்டா’ தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ கொடுத்து, ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர்கள் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கிறுக்கலாக இருக்கும்போதே சேவ் செய்யாதீர்கள். கிறுக்கலை மீட்கலாம், ஆனால் எழுத்துகள் ‘????’ ஆக மாறியிருந்தால் தகவல் போயே போய்விட்டது. மூல ஃபைலைத் திரும்ப இறக்குவதைத் தவிர வழியில்லை.

பண்ருட்டி: 2004 வாக்கில் பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரைகள் நூற்றுக்குமேல் உள்ளன. வலைப்பூவில் ஏற்ற ஆசை. கன்வெர்ட்டரில் போட்டால் பாதி சரி, பாதி கோளாறு.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ்ச் சட்டை. கன்வெர்ட்டர் ஒவ்வொன்றையும் தமிழாக மாற்றும்போது, கட்டுரைக்குள் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் தமிழாக்கிக் குப்பையாக்கிவிடும். வேர்டில் ‘ஃபைண்ட்’ ஜன்னலில் எழுத்துருவை மட்டும் பாமினி என்று கொடுத்துத் தேடினால் தமிழ்ப் பகுதிகள் மட்டும் தேர்வாகும். அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு கண்ணுக்குத் தெரியாத பிழைகள் சில தங்கும். துணைக்கால் ‘ா’வும் ‘ர’வும் பழைய தட்டச்சில் பார்க்க ஒரே மாதிரி என்பதால், ‘ர்’ வர வேண்டிய இடத்தில் பலர் துணைக்கால் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். ‘ௌ’ வர வேண்டிய இடத்தில் ‘ெ’யும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடாகப் பிரிந்து கிடக்கும். பார்வைக்குச் சரி, தேடினால் கிடைக்காது. வேர்டில் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ வைத்து இந்த மூன்றையும் ஒருமுறை சலித்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு கட்டுரையை மாற்றி, அதில் ‘கொ’, ‘சௌ’ வரும் சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அது கிடைத்த பிறகு மிச்சத்தைத் தொடுங்கள்.

சிதம்பரம்: 2009 முதல் பிளாக்ஸ்பாட்டில் எழுதுகிறேன், 400 பதிவு இருக்கும். பிளாகரை மூடிவிடுவார்கள் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். வேறு எங்கே போகலாம்? பழைய இணைப்புகள் சில இப்போதே வேலை செய்யவில்லை.

பிளாகர் 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது. இன்றுவரை ஓடுகிறது. மூடப்போவதாக அறிவிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது மட்டும் சரியில்லை. போஸ்டரஸ் என்ற வலைப்பூச் சேவை 2013 ஏப்ரலோடு முடிந்தது. இருபது ஆண்டுக்கு மேல், அதுவும் காசு வாங்கிக்கொண்டு, நடந்த டைப்பேட் என்ற இன்னொரு வலைப்பூச் சேவை 2025 செப்டம்பர் 30ஆம் தேதி கடையைச் சாத்தியது. ஆகவே ‘காசு கொடுத்தால் நிரந்தரம்’ என்பதும் கிடையாது.

வேலை செய்யாத இணைப்புகள் ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்று முடிகிறதா பாருங்கள். 2012இலிருந்து சில ஆண்டுகள் இந்தியாவில் திறந்தால் முகவரி அப்படித்தான் மாறும். அதைப் பார்த்துப் பதிவுக்குள்ளேயே ஒட்டியவர்கள் ஏராளம். 2020இல் அந்தப் பெயர் கூகுளின் கையைவிட்டே போய்விட்டது. பழைய பதிவுகளில் அந்த ‘இன்’னை ‘காம்’ ஆக்கினால் உயிர் வந்துவிடும்.

மாறுவதோ இருப்பதோ, முதலில் பேக்கப். பிளாகர் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘மேனேஜ் பிளாக்’ என்ற பகுதியில் ‘பேக் அப் கன்டென்ட்’ இருக்கும். கிடைக்கும் ஃபைலில் பதிவும் மறுமொழியும் முழுதாக இருக்கும். படத்துக்கு அதில் இணைப்பு மட்டும்தான், படம் தனியாக வந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள், வராவிட்டால் தனியே இறக்குங்கள். பேக்கப் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு அந்த ஃபைலைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் பின்னால் தலையில் கைவைக்கிறார்கள்.

அடுத்தது, என் கணிப்பில் இடம் மாறுவதைவிட முக்கியமானது: சொந்த டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரிப் பெயர் ஒன்று வாங்கிப் பிளாகரிலேயே இணையுங்கள். டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, இணைக்கப் பிளாகர் காசு கேட்பதில்லை. டொமைன் விற்றவரின் தளத்தில், முகவரி எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் இரண்டு ‘சிநேம்’ பதிவு சேர்க்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று பிளாகரே காட்டும். அதன்பின் பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களைப் பிளாகர் தானே புது முகவரிக்கு அனுப்பிவிடும். இரண்டு மூன்று ஆண்டு அப்படியே ஓடட்டும். பிறகு வீட்டை எங்கே மாற்றினாலும் வாசற்பலகை உங்களுடையது. டொமைனே இல்லாமல் பிளாக்ஸ்பாட்டிலிருந்து வேறு இடம் போனால், வெளியே இருக்கும் இணைப்புகளை முறையாகத் திருப்பிவிட வழியில்லை.

எங்கே போகலாம் என்றால், 400 பதிவும் மறுமொழியும் இருப்பவருக்கு வேர்ட்பிரஸ்தான் வழி. பிளாகர் ஃபைலை உள்ளே இழுக்க அதில் தனி வசதி உண்டு, மறுமொழியும் கூடவே வரும். வேர்ட்பிரஸ் டாட் காமில் இலவசக் கணக்குக்கு 1 ஜிபி இடம், விளம்பரம் அவர்களுடையது. சொந்த ஹோஸ்டிங்கில், அதாவது நீங்களே வாடகைக்கு எடுத்த சர்வரில் வைத்தால் முழுச் சுதந்திரம், கூடவே அப்டேட், பாதுகாப்பு என்ற மாதாந்திர வேலையும் உங்கள் தலையில். எழுதுவதைத் தவிர எதுவும் வேண்டாம் என்றால் பேர் பிளாக் அல்லது ரைட் டாட் ஏஎஸ். கணினியிலேயே எழுதி ஏற்ற விரும்பினால் பப்ளி என்ற இலவச மென்பொருள். பட்டன்களை அழுத்தியே வேலை முடியும், கட்டளை எதுவும் அடிக்க வேண்டாம். அது உருவாக்கும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களைக் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம், தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். மறுமொழிப் பெட்டி அதில் தானாக வராது. கோஸ்ட் நல்ல கருவிதான், மின்னஞ்சலில் வாசகர்களுக்கு அனுப்புபவர்களுக்குப் பொருந்தும். பொழுதுபோக்காக எழுதுபவருக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

அதே கேள்வியாளர்: மின்னஞ்சலில் பதிவு போய்க்கொண்டிருந்ததே, அது ஏன் நின்றது?

அதை அனுப்பிக்கொண்டிருந்தது ஃபீட்பர்னர். மின்னஞ்சல் சேவையை 2021இல் நிறுத்திவிட்டார்கள். ஓடை (ஃபீட்) மட்டும் இருக்கிறது.

நெல்லிக்குப்பம்: ‘தானே புயல்’ பற்றி எழுதிய பதிவின் முகவரியில் தலைப்பே வரவில்லை. ‘பிளாக்-போஸ்ட்’ என்றும் ஓர் எண்ணும்தான் நிற்கிறது. வேர்ட்பிரஸுக்குப் போன நண்பருக்கோ விழுக்காட்டுக் குறியாக முழ நீளத்துக்கு வருகிறது.

பிளாகர் முகவரி அமைக்கும்போது தமிழ் எழுத்தை உதறிவிடும். தலைப்பு முழுக்கத் தமிழ் என்றால் மிஞ்சுவது ஒன்றுமில்லை, அதனால் ‘பிளாக்-போஸ்ட்’ என்று பொதுப்பெயர். பப்ளிஷ் செய்யும் முன் வலப்பக்கம் ‘பெர்மாலிங்க்’ திறந்து ‘கஸ்டம்’ கொடுத்து, ஆங்கில எழுத்தில் ‘தானே-புயல்-கடலூர்’ என்று நீங்களே எழுதுங்கள். ஏற்கெனவே வெளியானதை மாற்ற வேண்டுமானால் முதலில் டிராஃப்டுக்கு இறக்க வேண்டும். பழைய முகவரி செத்துவிடும் என்பதால் செட்டிங்ஸில் ‘எரர்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்’ பகுதியில் பழையதிலிருந்து புதியதற்கு ஒரு ‘கஸ்டம் ரீடைரக்ட்’ போட்டுவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் தமிழை உதறாது, அதற்கு வேறு தொல்லை. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. ‘கடலூர்’ என்பதை எண்ணிப் பாருங்கள்: க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஆறு குறியீடு, 54 எழுத்து. வேர்ட்பிரஸ் 200க்கு மேல் வைத்துக்கொள்ளாது. 22 குறியீட்டில், அதாவது மூன்று சொல்லுக்குள், தலைப்பு நடுவிலேயே அறுந்துபோகும். பிரவுசரில் அழகாகத் தமிழில் தெரியும், வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அனுமார் வால்.

பாகூர்: தமிழில் எழுதிவிட்டு முகவரியை ஆங்கிலத்தில் வைப்பது தமிழுக்கு இழுக்கு இல்லையா?

தலைப்பு தமிழ், உள்ளடக்கம் தமிழ். முகவரி தபால்காரருக்கு. ஆனாலும் விருப்பம் உங்களுடையது. தமிழிலேயே வேண்டுமென்றால் வேர்ட்பிரஸில் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘கடலூர்-துறைமுகம்’ 136 எழுத்து, உடையாது.

அரியாங்குப்பம்: கரண்ட் போனதும் யுபிஎஸ் பத்து விநாடிகூட நிற்கவில்லை.

பேட்டரி ஆயுள் முடிந்திருக்கும். வீட்டு யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரிதான், இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். அதை மட்டும் மாற்றலாம், யுபிஎஸ்ஸையே தூக்கிப் போட வேண்டாம். லேசர் பிரிண்டரை அதில் சொருகியிருந்தால் உடனே கழற்றுங்கள். உருளை சூடேறும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

திருப்பாதிரிப்புலியூர்: பென் டிரைவைக் கடையில் கொடுத்து வாங்கினேன். உள்ளே ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்கிறது. மகளின் புராஜெக்ட் எல்லாம் போச்சா?

போகவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஷார்ட்கட்டை மட்டும் கிளிக் செய்யாதீர்கள், செய்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கும் தொற்றும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ திறந்து ‘வியூ’ தாவலில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கையும் எடுங்கள். இந்த இரண்டாவது டிக்கை விட்டுவிடுவதால்தான் பலருக்கு ஃபைல் தெரிவதில்லை. இப்போது பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். புராஜெக்ட் அதற்குள் இருக்கும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் காப்பி எடுத்துவிட்டுப் பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். அடுத்த முறை கடைக்குப் பென் டிரைவ் வேண்டாம், பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போங்கள்.

காலாப்பட்டு: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே. 2015இல் வாங்கிய லேப்டாப். தூக்கிப் போடவா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொது ஆதரவு முடிந்தது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அளவுக்காவது இருக்க வேண்டும். 2015 லேப்டாப் அதில் தேறாது. பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். பிரவுசர், வலைப்பூ, லிப்ரே ஆபீஸ், தமிழ்99 எல்லாம் அதில் நடக்கும். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கணக்குவழக்குக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் வைத்திருந்தால், இந்த யோசனை உங்களுக்கு இல்லை.